ராடு வாங்கப் போகிறீர்களா? எத்தனை கிலோ மீன் என்று கேட்காதீர்கள்

ராடு (தூண்டில் கோல்) வாங்கத் தூண்டில் கடைக்குள் நுழைந்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, இது எத்தனை கிலோ மீனைத் தாங்கும்?" கடைக்காரரும் "பத்து கிலோ தாராளமா தாங்கும் தம்பி" என்பார். பொருந்தாத ராடுகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் கைமாறுகின்றன. ஓடும் மீனின் இழுவையை ராடு தனியாகச் சமாளிப்பதில்லை. நரம்பும் (தூண்டில் நூல்), அதைச் சுற்றிவைக்கும் ரீலின் டிராக்கும் (மீன் இழுத்தால் நரம்பை அளவோடு விடும் பிடி) அதில் பங்கெடுக்கின்றன. டிராக்கைப் பதமாக வைத்திருந்தால் ஒல்லியான ராடிலும் பெரிய மீனை ஓடவிட்டு, களைக்கவைத்து இழுத்துவிடலாம்.

கேட்க வேண்டியவை இரண்டு. நான் எவ்வளவு எடையை வீசப் போகிறேன்? எங்கே நின்று வீசப் போகிறேன்?

முதல் கேள்விக்கான விடை கைப்பிடிக்குச் சற்று மேலே ராடிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 'லூர் 10-30 கிராம், லைன் 8-17 எல்பி' என்பது போல ஒரு வரி. லூர் என்பது போலி இரை, லைன் என்பது நரம்பு, எல்பி என்பது பவுண்டு. அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்ட ராடுகளில் கிராமுக்குப் பதில் அவுன்ஸ் இருக்கும். ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம். ஜப்பானிய வகைகளில் பின்னல் நரம்புக்கு 'பி.இ. 1', 'பி.இ. 2' என்று எண் போட்டிருப்பார்கள். எண் ஏற ஏற நரம்பு தடிமன். அந்த வரியைப் படிக்காமல் ராடின் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம்.

அந்த எடைக் கணக்கு ஏன் முக்கியம்? வீசும்போது நுனியில் தொங்கும் எடை ராடை வளைக்கிறது. வளைந்த ராடு நிமிரும் வேகத்தில்தான் லூர் பறக்கிறது. 80 கிராம் ஈயக் குண்டு வீசச் செய்த கடற்கரை ராடில் 5 கிராம் லூரைக் கட்டினால் ராடு வளையவே வளையாது. எவ்வளவு பலம் கொடுத்தாலும் லூர் காலடியில் விழும். 10-30 கிராம் ராடில் 100 கிராம் ஈயத்தைக் கட்டி முழு வேகத்தில் சுழற்றினால், மீன் வரும் முன்பே ராடு இரண்டாகிவிடலாம்.

நீளம் பற்றிய நம்பிக்கையும் பாதிதான் உண்மை. நீளமான ராடு தூரம் போகும், சரி. கடற்கரையில் நின்று ஈயம் வீசுபவருக்கு 10 முதல் 12 அடி தேவைதான். தூரம் ஒரு காரணம். கரையில் உடையும் அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். அதே 12 அடியை ஏரிக்கரைக்குக் கொண்டுபோனால், தலைக்கு மேல் கவிந்திருக்கும் சீமைக்கருவேலத்தில்தான் முதல் வீச்சு மாட்டும். குளம், வாய்க்கால், கழிமுகம் எல்லாவற்றுக்கும் ஆறிலிருந்து ஏழு அடி போதும்.

பலமும் வளைவும்

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது நாள்பட்டவர்களிடமும் உண்டு. 'லைட்', 'மீடியம்', 'மீடியம் ஹெவி' என்பது பலம், அதாவது ராடை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. 'ஃபாஸ்ட்', 'மாடரேட்', 'ஸ்லோ' என்பது வளைவு எங்கே நடக்கிறது என்பது. ஃபாஸ்ட் ராடு நுனிப் பகுதியில் வளையும், மாடரேட் நடுப்பகுதி வரை, ஸ்லோ ஏறக்குறைய கைப்பிடி வரை.

விராலை எடுத்துக்கொள்வோம். தாமரை இலையும் பாசியும் மூடிய குளத்தில் தவளை லூரை இழுத்து வருகிறீர்கள். லூரின் எடை 10 முதல் 20 கிராம்தான். ஆனால் விரால் கவ்விய அடுத்த நொடி பாசிக்குள் தலையை நுழைக்கும். அங்கே மீனோடு சேர்த்துச் செடியையும் இழுக்க வேண்டும். இதற்கு மீடியம் ஹெவி அல்லது ஹெவி பலமும் ஃபாஸ்ட் வளைவும் 30 எல்பிக்கு மேற்பட்ட பின்னல் நரம்பும் வேண்டும். வளைந்து கொடுக்கும் ராடில் தூண்டில் முள் விராலின் தாடையில் ஏறாது. ஏறினாலும் மீன் வெளியே வராது. கழிமுகத்தில் அலையாத்தி வேர்களை ஒட்டி நிற்கும் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் இதே நியாயம்தான்.

மாவு உருண்டை போட்டு ரோகு, கட்லா பிடிப்பவருக்கு இந்த ராடு எதிரி. கெண்டை இனங்களின் உதடு மென்மையானது. விறைப்பான ராடால் வெட்டி இழுத்தால் உதடு கிழிந்து முள் கழன்றுவிடும். நடுவரை வளையும் மீடியம் ராடுதான் அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்ளும். ஜிலேபி மீனுக்கு லைட்டே அதிகம்.

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்றால்? ஏழு அடி, இரண்டு துண்டு, மீடியம் பலம், 10-30 கிராம், ஸ்பின்னிங் வகை (விளக்கம் கீழே). பைக்கிலும் பேருந்திலும் மூன்றரை அடியாக மடங்கி வரும். அடர்ந்த பாசியிலிருக்கும் விராலுக்கும் கடற்கரை ஈயத்துக்கும் மட்டும் இது உதவாது.

ராடும் ரீலும் ஒரே இனமாக இருக்கட்டும்

ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும். நரம்பு சுருள் சுருளாக அவிழ்ந்து வருவதால், ரீலை ஒட்டிய, நரம்பு நுழையும் முதல் வளையம் பெரிதாக இருக்கும். பெய்ட்காஸ்டிங் ரீல் மேலே உட்காரும். அதற்கான ராடில் வளையங்கள் சிறியவை, கைப்பிடியின் அடியில் விரல் மாட்ட ஒரு கொக்கியும் இருக்கும். தள்ளுபடியில் ஒன்றையும் நண்பரிடமிருந்து இன்னொன்றையும் வாங்கி இரண்டையும் கோப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். புதியவர்கள் ஸ்பின்னிங்கில் தொடங்குவது நல்லது. பெய்ட்காஸ்டிங்கில் சுழலும் சுருளைக் கட்டைவிரலால் அடக்கப் பழகும்வரை பாதி நேரம் சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

கார்பன் என்றாலே உசத்தி என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கார்பன் எடை குறைவு, மீன் தொட்டாலும் கையில் தெரியும். ஆனால் அடிபட்டால் தாங்காது. தூண்டில் வளைவுப் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய கல் சுவர்) பாறைகளில் ராடைப் போட்டு எடுப்பவருக்கு, கனமாக இருந்தாலும் கண்ணாடி இழை ராடே உழைக்கும். இன்னொன்று: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வயலோரம் தாழ்வாகப் போகும் மின்கம்பிக்கு அருகிலும், இடி இடிக்கும் நேரத்திலும் ராடை உயர்த்தவே கூடாது.

டெலஸ்கோப் ராடுகள் பையில் அடங்கும், விலையும் குறைவு. கடல் மணல் இணைப்புகளுக்குள் புகுந்தால் நீளவும் மாட்டாது, மடங்கவும் மாட்டாது. கடலுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

நரம்பு மட்டும் தடிமனாக இருந்தால் பாதுகாப்பு என்பதும் தவறு. 17 எல்பி வரை எழுதியிருக்கும் ராடில் 50 எல்பி பின்னல் நரம்பைச் சுற்றினால், முள் பாறையில் மாட்டும்போது நரம்பு அறாது, ராடுதான் முறியும். அப்படி மாட்டினால் ராடை வளைத்து இழுக்காமல், நரம்பைத் துணி சுற்றிய கையால் நேராக இழுங்கள். வெறும் கையில் சுற்றினால் தோலை அறுத்துவிடும். பாலத்தின் மேலிருந்து மீனை ராடாலேயே தூக்குவதும் நுனியை முறிக்கும் வேலை, வலை கொண்டுபோங்கள்.

கடையில் ரீலை மாட்டித் தூக்கிப் பாருங்கள். நுனி கீழே இழுத்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று கண்ணை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சைத் தேய்த்து எடுங்கள். இழை மாட்டினால் அங்கே விரிசல் இருக்கிறது, அது நரம்பை அறுக்கும். நுனி வளையத்தை இரண்டு முறை பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். நுனி உடைந்து வருவது சகஜம், அப்புறம் நீங்கள்தான் உடைத்தீர்கள் என்பார்கள்.