பழைய போட் இன்ஜின் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்: பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் ஒட்டுவேலைகள்

பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு பழைய இன்ஜின் கைமாறும்போது பேச்சு பெரும்பாலும் இரண்டு விஷயத்தைச் சுற்றியே போகும். எத்தனை வருஷம் ஓடியது, கடைசி விலை என்ன. இதில் யார் யார் கை வைத்தார்கள், எதை எப்படி ஒப்பேற்றி வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியை வாங்குகிறவர் கேட்பதே இல்லை. கேட்டாலும் "பிரிக்காத இன்ஜின் தம்பி, கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கு" என்று பதில் வரும்.

ஓடித் தேய்ந்த இன்ஜினைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ரிங் தேய்ந்தால் ரிங் மாற்றலாம், நாசில் போனால் நாசில் மாற்றலாம். செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். கடலில் அவசரத்துக்குச் செய்த வேலை கரைக்கு வந்த பிறகும் கழற்றப்படாமல், மேலே பெயின்ட் பூசி விற்பனைக்கு நிற்கிறதே, அதற்குத்தான் கணக்கே கிடையாது. கடலில் ஒப்பேற்றுவது தப்பில்லை. கச்சான் காற்று முகத்தில் அடிக்கும் நேரத்தில் டீசல் குழாய் வெடித்தால், சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி நைலான் கயிற்றால் கட்டி வீடு வந்து சேர்பவர் கெட்டிக்காரர். மறுநாளும் அதே டியூப்போடு கடலுக்குப் போகிறவரை என்ன சொல்வது?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பட்டறைகளில் கூட்டம் இருக்கும், பழைய இன்ஜின்களும் கரையில் கண்ணில் படும். இங்கே சொல்வது வள்ளத்தில் ஏற்றும் சிறிய டீசல் இன்ஜினுக்கும், வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டுக்கும்தான். விசைப்படகின் ஆறு சிலிண்டர் சமாச்சாரம் வேறு.

முதல் தவறு, சூடான இன்ஜினைப் பார்க்கப் போவது. "வாங்க, ஸ்டார்ட் பண்ணியே வச்சிருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் அது மரியாதைக்காக மட்டும் இருக்காது. தேய்ந்த இன்ஜின் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதற்கு அடம்பிடிக்கும், சூடான பிறகு ஒரே இழுப்பில் ஓடும். சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். சிலிண்டர் ஹெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு, ஆறும் வரை உட்கார்ந்திருங்கள். ஆறியதும் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலைப் பாருங்கள். பால் அதிகமான காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். நிறம் சரியாக இருந்தும் ஆயில் கம்பியை விட்டு இறங்காமல் தேன்பதமாகத் தொங்கினால், புகையையும் தட்டல் சத்தத்தையும் அமுக்குவதற்காகக் கியர் ஆயிலோ வேறு கெட்டி ஆயிலோ ஊற்றியிருக்கலாம். அது சில மணி நேரம்தான் தாங்கும்.

புகையையும் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். இந்தக் கறுப்புப் புகைக்குப் பின்னால் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. பல இன்ஜின்களில் உச்சபட்ச டீசல் அளவைத் தீர்மானிக்கும் ஸ்க்ரூவைக் கம்பெனியே சீல் வைத்து அனுப்பும். இன்ஜின் தேய்ந்து இழுவை குறைந்ததும் அந்தச் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருகி டீசலை ஏற்றிவிடுவார்கள். சோதனை ஓட்டத்தில் வள்ளம் பறக்கும், நீங்களும் அசந்துபோவீர்கள். அப்புறம் டீசல் செலவும் சூடும் சேர்ந்து ஏறும். சீல் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் குனிந்து பார்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

போல்ட் தலையைப் பாருங்கள்

புது பெயின்ட்டைக் கண்டு மயங்குவது அடுத்த தவறு. பெயின்ட் அடிப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. உப்புக் காற்றில் பெயின்ட் இல்லாமல் எந்த இரும்பும் நிற்காது. ஆனால் போல்ட் தலைகளுக்கு வாய் உண்டு. ஹெட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளின் மூலைகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்டு மழுங்கியிருந்தால் பலமுறை திறந்திருக்கிறார்கள். எல்லா போல்ட்டும் துருவேறியிருக்க ஒன்று மட்டும் புதிதாக மினுக்கினால், பழையது ஒடிந்திருக்கிறது அல்லது திரெட் போயிருக்கிறது. திரெட் போன துளைக்கு முறையான வைத்தியம் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை உள்ளே திருகிப் புதுத் திரெட் கொடுப்பது, அல்லது லேத் பட்டறையில் கொடுத்துப் பெரிய அளவுக்குத் திரெட் வெட்டுவது. கரையில் நடக்கிற வைத்தியம் என்னவென்றால் போல்ட்டில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்குவது, இல்லாவிட்டால் துளைக்குள் எம்சீலை அடைத்து போல்ட்டைச் செருகிக் காயவிடுவது. கையால் அசைத்தால் கெட்டியாக நிற்கும். இன்ஜின் அரை மணி நேரம் அதிர்ந்த பிறகு நிற்காது.

எம்சீல் நல்ல பொருள். தண்ணீர்த் தொட்டிக்கும் வீட்டுப் பைப்புக்கும் அதை விட்டால் ஆளில்லை. சிலிண்டர் பிளாக்கில் விழுந்த விரிசலை அது தாங்காது. சூடேறினால் இரும்பு ஓர் அளவில் விரியும், எம்சீல் வேறோர் அளவில் விரியும், ஓரம் பிரிந்துவிடும். வார்ப்பு இரும்பின் மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பெயின்ட்டுக்கு மேலேயே விரலை ஓட்டிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் வழவழவென்று, லேசாக மேடு கட்டி இருந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கே தட்டுங்கள். இரும்பின் சத்தம் கணீரென்று வரும், எம்சீல் சத்தம் சப்பென்று இருக்கும்.

பேக்கிங் ஓரங்களில் அனபாண்ட் பசை பிதுங்கி வழிந்திருப்பதும் அப்படித்தான். வெளியே பிதுங்கிய அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயில் போகும் வழியை அடைத்தால் பேரிங் காலி.

தண்ணீர் ஓடும் வழி

கடல் தண்ணீரிலேயே குளிரும் இன்ஜின்களில் பாதி நோய் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஓடி முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் வைத்த இன்ஜினில், உள்வழிகளில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி சுருங்கும். இன்ஜின் சூடாகும். சூட்டுக்குக் காரணம் தேடாமல், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "அதை எடுத்துட்டா குளுகுளுன்னு ஓடும்ணே" என்பது கரையோரத்து ஞானம். அடைப்பு அப்படியே இருக்கும். ஆரம்பத்தில் இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்தே ஓடும், எரிபொருள் சரியாக எரியாது, கரி பிடிக்கும். அடைப்பு முற்றியதும் பழையபடி சூடாகும், இந்த முறை கழற்றி எறிய எதுவும் மிச்சமிருக்காது. தெர்மோஸ்டாட் மூடியைப் பெரும்பாலும் சில போல்ட்டுகள்தான் பிடித்திருக்கும். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அவுட்போர்டில் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் போதும், கூலிங் சரி என்று நினைப்பது பெரிய தப்புக் கணக்கு. பம்ப் வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். உள்ளே எல்லா வழியிலும் தண்ணீர் போகிறதா என்று காட்டாது. பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்து பழகியிருக்கும். புதியது வாங்கச் சோம்பல்பட்டு, அதையே திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் மடியவிடுகிறவர்கள் உண்டு. பழைய ரப்பர் அதைத் தாங்காது, இதழ் ஒடியும். ஒடிந்த துண்டு மேலே போய் வழியில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எத்தனை புது இம்பெல்லர் போட்டாலும் சூடு குறையாது. ஆகையால் இம்பெல்லரில் இதழ் குறைந்திருந்தால், அந்தத் துண்டு எங்கே என்று கேளுங்கள்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டுவதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சுமையில்லாமல் ஓடும் இன்ஜின் எல்லாமே நல்ல இன்ஜின்தான். வள்ளத்தில் ஏற்றி, நாலு பேர் உட்கார்ந்து, அரை மணி நேரமாவது முழு வேகத்தில் போய்வந்தால்தான் அதன் சங்கதி தெரியும்.

ஒரு சின்னப் பின்

ஒட்டுவேலைகளிலேயே என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான். பல சிறிய அவுட்போர்டுகளில் புரொப்பெல்லரையும் ஷாஃப்ட்டையும் இணைக்க ஒரு மெல்லிய பின் உண்டு, பெரும்பாலும் பித்தளை. மன்னார் வளைகுடாப் பக்கம் தீவுகளை ஒட்டிய பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், புரொப்பெல்லர் மோதினால் அந்தப் பின் அறுந்துவிடும். அறுவதற்காகவே வைத்தது அது. பின் அறுந்தால் உள்ளே இருக்கும் கியர் தப்பிக்கும். இரண்டு முறை அறுந்ததும் சலித்துப்போய் ஆணியையோ வெல்டிங் கம்பியையோ வெட்டிச் செருகிவிடுகிறார்கள். "இனிமே அறவே அறாது" என்று பெருமை வேறு. உண்மைதான், அடுத்த முறை பாரில் மோதும்போது பின் அறாது, கியர் பல் உடையும். நட்டைக் கழற்றிப் பின்னை உருவிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமா? வெள்ளையாக இரும்பு தெரிந்தால் கியர் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். விரலில் தேய்த்தால் உலோகத் துகள் நெருடும்.

புரொப்பெல்லரையே வெட்டிச் சின்னதாக்குவதும் நடக்கிறது. தேய்ந்த இன்ஜினால் முழு அளவு புரொப்பெல்லரைச் சுற்ற முடியாதபோது இதழின் ஓரத்தை அராவிவிட்டால் சுற்று வேகம் ஏறும், இன்ஜின் வலுவாக இருப்பதாகத் தோன்றும். ஒரு நூலை எடுத்து நடுவிலிருந்து ஒவ்வோர் இதழ் நுனிக்கும் அளந்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் சமமாக அராவியிருந்தால் நூல் காட்டாது, கம்பெனி அளவோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே பொருத்திய இன்ஜினில் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில், கடல் தண்ணீர் உள்ளே பாயாமல் அடைக்கும் கிளாண்ட் கயிறு இருக்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது அங்கே தேவை, அதுதான் ஷாஃப்ட்டைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் வராதபடி முறுக்கி வைத்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கிரீஸ் கயிறு கிடைக்காமல் வலைக்கயிற்றைத் திணித்திருப்பதும் உண்டு. கிளாண்டைத் தளர்த்தி ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தில் நகம் மாட்டினால் எத்தனை கயிறு போட்டாலும் தண்ணீர் நிற்காது, ஷாஃப்ட் லேத்துக்குப் போக வேண்டும். இன்ஜின் காலுக்கு அடியில் டயர்த் துண்டு வெட்டி வைத்திருந்தால் அதிர்வுக்காக வைத்ததாகச் சொல்வார்கள். பெரும்பாலும் ஷாஃப்ட் நேர்க்கோட்டில் நிற்காததற்கு முட்டுக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

வயரும் ஃபியூஸும்

வயரைத் திரித்து இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீட்டிலேயே அரைகுறை வேலை. கடலில் அது டேப்புக்குள் உப்புத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் வேலை. டேப்பைப் பிரித்து, ஜாயின்ட்டிலிருந்து ஒரு விரல் நீளம் தள்ளி உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு பளிச்சென்று இருந்தால் சரி. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் உறைக்குள்ளேயே உப்பு ஏறிவிட்டது, அந்த வயர் முழுதும் மாற்ற வேண்டியதுதான். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் உழைக்கும். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளோ ஒற்றைச் செம்புக் கம்பியோ இருந்தால், ஃபியூஸ் ஏன் அடிக்கடி போனது என்பதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த ஷார்ட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அவுட்போர்டில் சிவப்புச் சுருள் கயிறு இருக்குமே, ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது, அவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது, அதன் சுவிட்சில் நைலான் துண்டைச் செருகி நிரந்தரமாக ஓடவிட்டிருப்பார்கள். இதில் பேரம் கிடையாது. கயிற்றை இழுத்தால் இன்ஜின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சரிசெய்த பிறகுதான் கடலில் இறக்க வேண்டும். விழுந்தவரை வள்ளம் வட்டமடித்து வந்து அடிப்பது நடக்கக்கூடிய விபத்துதான்.

டீசல் டேங்க் கசிவில் சோப்பைத் தேய்த்து அடைப்பது நம் ஊர் முழுக்கத் தெரிந்த வித்தை. டீசலில் சோப்பு கரையாது, மழையிலும் அலையிலும் கரைந்துவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் குழாயை நேராகக் கொடுத்திருந்தால் நாசிலையும் பம்ப்பையும் சோதிக்காமல் விலை பேசாதீர்கள்.

அலுமினிய உடம்பில் ஸ்டீல் போல்ட் போட்டு, கடல் தண்ணீரும் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அதைக் காப்பாற்றத்தான் அவுட்போர்டின் அடியில் துத்தநாகக் கட்டியைத் திருகியிருக்கிறார்கள், உடம்புக்குப் பதில் அது கரையும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். நன்றாக இருக்கட்டும் என்று அதன் மேலும் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்த கட்டி வேலை செய்யாது. பல வருஷம் ஓடிய இன்ஜினில் அது கரையாமல் முழுசாக இருந்தால், சுற்றியுள்ள உடம்பைச் சுரண்டிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு வாங்குவதானால் இன்ஜின் எண் தகடு அசல் ரிவெட்டில் நிற்கிறதா, எண் பில்லோடும் படகின் ஆவணங்களோடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கழற்றிக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வாங்கியாகிவிட்டது என்றால் எல்லா ஒட்டுவேலையையும் ஒரே நாளில் பிய்க்க வேண்டியதில்லை. முதல் முறை மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதற்குள் நிறுத்தும் சுவிட்ச், டீசல் குழாய், இம்பெல்லர், ஃபியூஸ் இந்த நாலையும் முடித்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டையும் உள்வழி அலசலையும் அந்த மாதத்துக்குள். பித்தளைப் பின் அஞ்சாறு வாங்கி டூல் பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.