கார்டு சக்கரம் சரியானது

கிட்டாருக்காக அட்டையில் நானே செய்த கார்டு (chord) சக்கரம் நான்கு நாட்களைத் தின்றுவிட்டது. கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். சக்கரத்தை ஒரு ஸ்கேலுக்கு, அதாவது சுர வரிசைக்குத் திருப்பினால், அதற்குப் பொருந்தும் கார்டுகளைக் காட்ட வேண்டும். சி ஸ்கேலில் எல்லாம் சரி. ஈ ஃப்ளாட்டுக்குத் திருப்பினால் உள்வட்டத்து மைனர் வகைக் கார்டுகள் பிசகின: எஃப், சி, ஜி மைனர் வரவேண்டிய இடத்தில் சி, ஜி, டி. டி மைனரில் உள்ள ஏ சுரம், அந்த ஸ்கேலின் ஏ ஃப்ளாட்டோடு மோதிக் காதைக் கிழித்தது.

கம்பிகளை மாற்றினேன், சுருதி சேர்த்தேன், பயனில்லை. எழுத்துப் பிழையோ என்று வட்டத்தை மறுபடி வரைந்து, சக்கரம் சுழலும் அச்சைப் பழைய துளை வழியாகவே குத்தினேன். அதே கோளாறு.

பிறகுதான் கவனித்தேன்: சி-யிலும் சக்கரத்தில் அதற்கு நேரெதிரான எஃப் ஷார்ப்பிலும் பிழையே இல்லை. ஏ, ஈ ஃப்ளாட் இரண்டிலும் அதிகம். இரண்டுமே சி பக்கமாகவே ஒரு கட்டம் சாய்ந்திருந்தன. எழுத்துப் பிழை இப்படி ஒழுங்காக வராது, அச்சு விலகினால்தான் வரும்.

சி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கும், ஏ-யிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்கும் நூல் பிடித்தேன். துளை, நூல்கள் வெட்டிய புள்ளியிலிருந்து சி பக்கமாக 3 மி.மீ. தள்ளி இருந்தது. வெளிவட்டத்தின் அகலமான கட்டங்கள் அதைத் தாங்கிவிட்டன. உள்வட்டக் கட்டமோ 6 மி.மீ.தான். துளையை ஒட்டி மூடி, நூல் வெட்டிய இடத்தில் குத்தினேன். பன்னிரண்டு ஸ்கேலும் பொருந்திவிட்டன. அப்பாடா!