மலைப் பள்ளியில் ஜூன் மாதம்: ஈராசிரியர் பள்ளிக்கு முதல் இரண்டு வார வேலைகள்

சேலத்தில் ஜூன் மாதம் இன்னும் வெயில்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் அதே நாளில் சாரலும் மூடுபனியும். பள்ளி திறக்கச் சொல்லும் சுற்றறிக்கை இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான், தயாரிப்பு ஒன்றல்ல. சேர்வராயன் மலையில், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இரண்டே ஆசிரியர்கள் நடத்தும் தொடக்கப் பள்ளிக்காக எழுதப்பட்ட குறிப்புகள் இவை. கீழே சமவெளியில் வேலை பார்ப்பவர்கள் ஈரத்தைப் பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் இரண்டு வாரம் பாடப்புத்தகத்தைத் திறக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் முதல் பாடத்தைத் தொடங்கினால்தான் கெட்டுப்போகும். ஆகஸ்டில் திரும்பிப் பார்க்கும்போது பாதி வகுப்பு பின்னால் நிற்கும்.

திறப்பதற்கு நான்கு நாள் முன்பு

பள்ளிக்குப் போனதும் பார்க்க வேண்டியது தண்ணீர்த் தொட்டி. பழைய தண்ணீரை முழுதும் வடித்து, சுவரையும் அடியையும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிய பிறகு நிரப்புங்கள். குடிநீருக்கு பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. தூளை அப்படியே தொட்டியில் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் தங்கி, கடைசியில் வரும் தண்ணீர் கலங்கலாக வரும். ஒரு மக்கில் கரைத்துப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். போன வருடம் பிரித்த பொட்டலத்தை நம்ப வேண்டாம். ஈரக்காற்று பட்ட தூளில் வீரியம் இருக்காது.

கழிப்பறையில் தாழ்ப்பாள் சிறு பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க வழி இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள். சுற்றிலும் வளர்ந்த புல்லை வெட்டாமல் பிள்ளைகளை விடக்கூடாது, பாம்பு ஒண்டும். பீரோவில் கரையான் ஏறியிருந்தால் பதிவேடுகளை வெளியே எடுத்து, செங்கல்லின் மேல் பலகை போட்டு வையுங்கள். சுவரை ஒட்டி வைத்தால் மறுபடி ஏறும்.

கரும்பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டும். ஈரக் காற்றில் ஒரு பூச்சு காயவே ஒன்றரை நாள் பிடிக்கலாம். முதல் பூச்சு காயாமல் இரண்டாவது அடித்தால் சுண்ணக்கட்டி வழுக்கும். நன்றாகக் காய்ந்ததும் சுண்ணக்கட்டியைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் நாள் எழுதிய எழுத்தின் தடம் வருடம் முழுக்கத் தெரியும். பெயின்ட் டப்பா கையில் இருக்கும்போதே, தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை சுவரிலும் ஒரு பட்டை அடித்துவிட்டால் பிள்ளைகள் தாங்களே எழுத இடம் கிடைக்கும்.

ஈரத்துக்கு: சுண்ணக்கட்டியை மூடியுள்ள டின்னிலும், நோட்டுகளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பிலும் வையுங்கள். அட்டைப் படங்களைச் சுவரில் ஒட்டினால் பூஞ்சை பிடித்துச் சுருளும், கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவதே மேல். வராந்தாவில் இன்னொரு கயிறு, நனைந்த சட்டைக்கும் குடைக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் போட்டுவிட இரண்டு மூன்று மாற்றுத் துணி பள்ளியிலேயே இருக்கட்டும்.

பள்ளிச் சாவி இரண்டு இருக்க வேண்டும். சேலத்திலிருந்து வரும் ஆசிரியர் மலைப்பாதையில் மண் சரிந்து மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் மழையில் நிற்பார்கள். காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அம்மா எப்படியும் முன்னால் வந்துவிடுவார். பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லிவிட்டு அவரிடம் ஒன்று கொடுத்து வைக்கலாம்.

சேர்க்கை எழுதும்போது

பிறந்த தேதியையும் பெயரையும் வாய்மொழியாகக் கேட்டு எழுதாதீர்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியல், ஆங்கில எழுத்துக்கூட்டல், பிறந்த மாதம் மூன்றிலும்தான் தவறு வரும். எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு) இன்று ஏறும் பிழை பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே போகும். அன்றைக்குத் திருத்த அலைவது அந்தக் குடும்பம். இரண்டும் முரண்பட்டால் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, ஆதாரைத் திருத்தி வரச் சொல்லி ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் இல்லை என்று திருப்பி அனுப்பவே கூடாது.

சமவெளியிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ‘மலையாளி’ என்பது தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். கேரளத்தோடு குழப்பிக்கொண்டு பதிவேட்டில் எதையாவது எழுதிவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். சாதிச் சான்றிதழைப் பார்த்து, அதில் உள்ளபடியே எழுதுங்கள். கைபேசி எண் இரண்டு வாங்குங்கள், ஒன்று பக்கத்து வீட்டு எண்ணாக இருக்கட்டும். எஸ்டேட் வேலைக்குப் போனவருக்குப் பகலில் சிக்னல் கிடைக்காது.

முதல் நாள்

அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு, அது பார்க்காத நேரத்தில் அம்மாவை நழுவச் சொல்வது பலர் செய்யும் தவறு. மறுநாள் அந்தப் பிள்ளை வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். அம்மாயியோ அப்பாயியோ முதல் நாள் வராந்தாவில் கண்ணுக்குத் தெரியும்படி உட்காரட்டும். இரண்டாம் நாள் காலை உணவு முடியும் வரை. மூன்றாம் நாள் வாசலில் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டே கிளம்பட்டும்.

காலையிலேயே ஒன்றாம் வகுப்பை வரிசையாகக் கழிப்பறைக்கு அழைத்துப் போய், தாழ்ப்பாள் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது மூன்றையும் செய்துகாட்டி, ஒவ்வொருவரையும் செய்யச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் வகுப்பில் ஈரம் செய்துவிடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட்கத் தெரியாதவர்கள், அல்லது கேட்கப் பயந்தவர்கள்.

‘லீவுக்கு எங்கே போனீங்க?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பலர் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் என்ன பார்த்தாய், வீட்டில் எத்தனை பலா வெட்டினார்கள், கொட்டையைச் சுட்டீர்களா அவித்தீர்களா என்று கேட்டால் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் வாய் திறக்கும். அவர்கள் சொல்லும் வீட்டுப் பேச்சு வார்த்தைகளைத் திருத்தாமல் பலகையில் எழுதி வையுங்கள். முதல் வாசிப்பு அட்டைகளுக்கு அவையே போதும்.

மாலையில் மூடுபனி இறங்குவதற்குள் அனுப்புங்கள். காப்பித் தோட்டத்து வழியில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. ஒரே ஊர்ப் பிள்ளைகளைக் குழுவாக்கி, முன்னால் ஒரு ஐந்தாம் வகுப்பும் பின்னால் ஒரு ஐந்தாம் வகுப்பும் நடப்பது என்று முதல் நாளே வழக்கப்படுத்திவிட வேண்டும்.

யார் எங்கே நிற்கிறார்கள்

அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரிப்பது பழகிவிட்டது. அந்தத் திட்டத்தின் செயலி மதிப்பீடு நிலையைச் சொல்லும், ஏன் அந்த நிலை என்று சொல்லாது. அதற்குத் தனித்தனியாக உட்கார வேண்டும். பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் முப்பது பேருக்கு இரண்டரை மணி நேரம். நான்கு நாளாகப் பிரித்துக்கொண்டால் சுமையில்லை.

நான்கு அட்டை எழுதிக்கொள்ளுங்கள்: பத்து எழுத்து, எட்டுச் சொல், மூன்று வாக்கியம், ஆறு வரிப் பத்தி. பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கக்கூடாது, மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். சந்தேகம் வந்தால் வரியின் நடுவில் உள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல்லை எட்டுகிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. முத்து முத்தாகப் பலகையைப் பார்த்து எழுதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். அது எழுத்தல்ல, ஓவியமாக இருக்கலாம்.

அடுத்து, பத்துச் சொல் சொல்வதெழுதுதல்: படம், மரம், பால், மீன், பூனை, கொடி, சேவல், கை, பட்டம், தேங்காய். மதிப்பெண் போடாமல் பிழையைப் பாருங்கள். ‘படம’ என்று எழுதினால் மெய்யெழுத்துப் பிடிபடவில்லை. ‘கெடி’ என்றால் ஒற்றைக்கொம்பு தெரியும், துணைக்கால் விட்டுப்போனது. கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது புரியவில்லை. ‘செவல்’ என்றால் சிக்கல் கையில் இல்லை, காதில். குறில் நெடிலைக் கைதட்டிச் சொல்லிப் பழக்க வேண்டும். ‘பட்டம்’ ‘படம்’ ஆகிவிட்டால் ஒற்று கேட்கவில்லை. எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அகர வரிசையிலிருந்து தொடங்குவதைவிட ட, ப, ம மூன்றும் எளிது. பெரும்பாலும் நேர்கோட்டு வடிவம், மூன்று நாளில் படம், மடம், பட்டம் என்று சொல்லே வாசித்துவிடலாம்.

கணக்கில் நான்கு கேள்வி போதும். குவியலிலிருந்து பதினேழு புளியங்கொட்டை எடு. 27, 72 எது பெரியது? நூற்று எட்டு எழுது. 42இலிருந்து 17ஐக் கழி. ‘1008’ என்று எழுதும் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: நூறு, பிறகு எட்டு. தொண்ணூற்று ஐந்திலும் இதே குழப்பம் வரும், பேரிலேயே நூறு ஒலிக்கிறதே. கழித்தலுக்கு 35 என்று விடை சொன்னால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கும் முறையை மறுபடி சொல்லிப் பயனில்லை. விரல் நீள ஈர்க்குச்சி நூறு நறுக்கி, பத்துப் பத்தாகக் கட்டுப் போட்டு, கட்டைப் பிரித்துக் கழிக்க வையுங்கள். ரப்பர் பேண்டு சீக்கிரம் இற்றுப்போகும், நூல் கட்டுங்கள்.

இரண்டு பேர், ஐந்து வகுப்பு

ஒருவருக்கு ஒன்று முதல் மூன்று, இன்னொருவருக்கு நான்கும் ஐந்தும். முதல் அறையில் முப்பது நிமிடத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு நிலைக்குப் பத்து நிமிடம் நேரே கற்பியுங்கள், மற்ற இரு நிலைகளுக்கும் பயிற்சி. இது குலைவது ஒரே காரணத்தால்: பயிற்சி என்று புதியதைக் கொடுத்துவிடுவோம், நிமிடத்துக்கு ஒருவர் ‘டீச்சர், டீச்சர்’ என்று வந்து நிற்பார். தனியாகச் செய்வது ஏற்கெனவே தெரிந்ததாக மட்டுமே இருக்கட்டும். முடித்த நோட்டை எங்கே வைப்பது, சந்தேகம் வந்தால் முதலில் எந்தப் பிள்ளையைக் கேட்பது என்பதை இரண்டாம் வாரம் முழுக்கத் தினமும் சொல்லிப் பழக்குங்கள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை வருகைப் பதிவேட்டை எடுத்து, மூன்று நாளுக்கு மேல் வராதவர்களைக் குறியுங்கள். அந்த வீடுகளுக்கு மாலை ஐந்துக்குப் பிறகு போனால்தான் பெற்றோர் இருப்பார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி வையுங்கள். நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கும்போது முதலில் நிற்கப் போவதும் இவர்கள்தான். கைக்குழந்தையை அங்கன்வாடியில் விட முடியுமா என்று அந்த அம்மாவிடம் இப்போதே பேசுங்கள், பறிப்பு நேரத்தில் பேச அவருக்கு நேரம் இருக்காது. இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கூட்டல் கழித்தலையும் பத்தி வாசிப்பையும் தீபாவளிக்கு முன்பே முடிக்கும்படி பாடத்திட்டத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.