வைஃபை நின்றுவிட்டதா? ரீசெட் ஓட்டையில் ஊசியை விடும் முன்

வீட்டில் வைஃபை நின்றதும் பலரும் முதலில் செய்வது, ரூட்டரின் பின்னால் இருக்கும் சிறு ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்துவது. அதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். அந்த ரீசெட் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் பெட்டி கடையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். லைன் கொடுத்தவர் உள்ளே போட்டுவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (நிறுவனம் தன் லைனைப் பிரித்துக் காட்டக் கொடுக்கும் எண்) எல்லாம் அழிந்துபோகும். சில நிறுவனங்களின் பெட்டிகள் லைன் கிடைத்ததும் அந்த விவரங்களைத் தாமாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும். எல்லாப் பெட்டியும் அப்படி இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை, சர்வீஸ் ஆள் வரும்வரை இழுத்துக்கொண்டு நிற்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருப்பது வைஃபை. ரூட்டருக்கும் வெளியே தெருவுக்கும் நடுவில் இருப்பது இன்டர்நெட் லைன். எது போனாலும் நாம் “வைஃபை வரலை” என்றுதான் சொல்கிறோம். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: போனில் என்ன தெரிகிறது?

மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இது முக்கியம். வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்றால் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும், நமக்குக் குழப்பம்தான் மிஞ்சும். பிறகு வைஃபை பட்டியலைத் திறந்து உங்கள் வீட்டு வைஃபையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு போனிலும் பாருங்கள். ஒரு போனில் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் போனில்தான் கோளாறு, ரூட்டரைத் தொடும் முன் படி 4ஐப் பாருங்கள்.

பெயரே தெரியவில்லை என்றால் படி 2க்கும் 3க்கும் போங்கள். பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது என்றால் படி 4. சேர்ந்துவிட்டது, ஆனால் “இணையம் இல்லை” என்று காட்டுகிறது என்றால் நேராகப் படி 5.

உங்கள் பெயருக்குப் பதிலாக, நிறுவனத்தின் பெயரும் எண்களுமாக ஏதோ ஒன்று பலமான சிக்னலோடு தெரிகிறதா? யாரோ ஏற்கெனவே ரீசெட் செய்திருக்கிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் அந்தப் பெயரும் அதற்கான பாஸ்வேர்டும் இருக்கும்.

படி 2: கரண்ட் ஒழுங்காகப் போகிறதா?

பெட்டியின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, 30 விநாடி விட்டு மறுபடி போடுங்கள். உடனே போட்டால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரத்தால் பெட்டி முழுதாக அணைந்திருக்காது. ஃபைபர் பெட்டி (கண்ணாடி இழை லைன் வந்து சேரும் பெட்டி) தனி, ரூட்டர் தனி என்று இரண்டு இருந்தால் முதலில் ஃபைபர் பெட்டியைப் போட்டு, அதன் லைட்டுகள் நிலையாக நின்ற பிறகு ரூட்டரைப் போடுங்கள். முழுதாக எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நடுவில் பொறுமை இழந்து மறுபடி அணைக்காதீர்கள்.

லைட்டே எரியவில்லையா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டுச் சுவரில் இருக்கும் சாக்கெட்டில் நேராகப் போட்டுப் பாருங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் அடாப்டர்மீதுதான் முதல் சந்தேகம்.

அடாப்டர் பாதி செத்த நிலையிலும் இருக்கலாம், ஏமாற்றுவது அதுதான். லைட்டுகள் எல்லாம் அழகாக வரும். ஒன்றிரண்டு நிமிடத்தில், வைஃபை லைட் எரிந்த சற்று நேரத்தில், எல்லா லைட்டும் ஒரே சமயத்தில் அணைந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். அல்லது நாலைந்து போன்கள் சேர்ந்ததும் இப்படி ஆகும். வைஃபை சிக்னல் அனுப்பத் தொடங்கும்போது பெட்டி இழுக்கும் மின்சாரம் கூடும். பழைய அடாப்டரால் அதைத் தாங்க முடியாமல் வோல்டேஜ் சரிந்துவிடும். மல்டிமீட்டரில் அளந்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும், ஏனென்றால் அளக்கும்போது சுமையே இல்லை. அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல் வேறு அடாப்டர் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேறு அடாப்டர் போடும்போது அதன்மேல் ‘அவுட்புட்’ என்று அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கும் ரூட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் போடலாம். 9 வோல்ட் பெட்டிக்கு செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் பெட்டி கருகிவிடலாம். பின் ஒரே மாதிரிதான் இருக்கும், சுலபமாக உள்ளே போகும், அதனால்தான் எச்சரிக்கை. வாங்கப் போகும்போது பழைய அடாப்டரையே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அதைக் காட்டினால் அளவு, பின், முனை எல்லாம் பொருந்துவதாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.

சென்னை வெயிலையும் சொல்ல வேண்டும். பல ரூட்டர்கள் 40 டிகிரி வரை தாங்கும் என்று கணக்கிட்டுத் தயாரிக்கப்பட்டவை. மே மாதத்தில் பரணுக்குள்ளோ, மூடிய டிவி அலமாரியிலோ வைத்தால் பெட்டியைச் சுற்றி அதற்கு மேல் சூடு ஏறிவிடும். மதியம் நின்று இரவில் தானாகச் சரியாகிற வைஃபை என்றால் பெட்டியை வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள்.

படி 3: லைட் எரிகிறது, பெயர் மட்டும் வரவில்லை

பெட்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ ‘வைஃபை’ அல்லது ‘டபிள்யூலேன்’ (WLAN) என்று ஒரு சிறு பட்டன் இருக்கிறதா பாருங்கள். தூசி துடைக்கும்போது துணி பட்டு அது அமுங்கியிருக்கும். பெட்டியின் முன்பக்கம் வைஃபை லைட் அணைந்திருந்தால், பட்டனை ஓரிரு விநாடி அழுத்தி விடுங்கள், ஒரு நிமிடத்தில் பெயர் வரும். பக்கத்திலேயே, பாஸ்வேர்டு அடிக்காமல் சேர்வதற்கான டபிள்யூபிஎஸ் (WPS) பட்டனும் இருக்கலாம், அது இதற்கு உதவாது.

பட்டன் இல்லை என்றால் ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். ஜியோ பெட்டிகளில் 192.168.29.1. லாகின் விவரம் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே வைஃபை பக்கத்தில் ‘எனேபிள்’ டிக் ஆகியிருக்கிறதா, பெயரை மறைக்கும் வசதி தவறுதலாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வைஃபை பெயர் மட்டும் அவ்வப்போது காணாமல் போகிறதா? ரேடார்களும் பயன்படுத்தும் 52 முதல் 144 வரையிலான சேனல்களில், ரூட்டர் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்டு, ரேடார் இல்லை என்று தெரிந்த பிறகே சிக்னல் விட வேண்டும் என்பது விதி. நடுவில் ரேடார் போல ஏதாவது கேட்டாலும் விலகிவிடும். சேனலை ‘ஆட்டோ’விலிருந்து மாற்றி 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றில் வையுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு 1, 6, 11 இவற்றில் ஒன்று.

எல்லாம் சரியாக இருந்தும், லேன் கேபிளில் இன்டர்நெட் ஓடியும், வைஃபை மட்டும் வரவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் வைஃபை பகுதி போய்விட்டது. பெட்டியை மாற்றித் தரச் சொல்ல வேண்டியதுதான். அதுவரை, பழைய ரூட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதை வைத்துச் சமாளிக்கலாம். பழைய ரூட்டரை லேப்டாப்பில் தனியாக இணைத்து, அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதல் பெட்டி 192.168.1.1 ஆக இருந்தால்). போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி (DHCP) வசதியை அணையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும், பாதி போன்களுக்கு நெட் வராது. பிறகு முதல் பெட்டியின் லேன் துளையிலிருந்து பழைய ரூட்டரின் லேன் துளைக்கு ஒரு கேபிள். வேறு நிறத்தில் இருக்கும், வெளி லைனுக்கான ‘வேன்’ (WAN) துளையில் சொருகாதீர்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முன்பு இருந்ததையே எழுத்து மாறாமல் கொடுத்துவிட்டால் போன், டிவி எல்லாம் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

படி 4: பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது

போனில் அந்தப் பெயரை ‘மறந்துவிடு’ கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடியுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். பழைய போனோ பிரிண்டரோ மட்டும் சேரவில்லை என்றால், ரூட்டரில் பாதுகாப்பு வகை ‘டபிள்யூபிஏ3 (WPA3) மட்டும்’ என்று இருக்கலாம். டபிள்யூபிஏ2வும் சேர்ந்த வகைக்கு மாற்றுங்கள். மேக் ஃபில்டர் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள மேக் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் வசதி) போட்டிருக்கும் வீடுகளில் புதுப் போன்கள் தகராறு செய்யும், ஏனென்றால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. ஃபில்டரை எடுத்துவிடுவதே நல்லது, பலமான பாஸ்வேர்டு போதும்.

படி 5: சேர்ந்துவிட்டது, நெட் இல்லை

இப்போது கோளாறு இன்டர்நெட் லைன் பக்கம் இருக்கிறது. பெட்டியின் முன்னால் உள்ள லைட்டுகளைப் பாருங்கள். ஃபைபர் பெட்டியில் ‘பான்’ (PON) என்ற லைட் பச்சையாக நிலைத்து நிற்க வேண்டும். ‘எல்ஓஎஸ்’ (LOS) எரியவே கூடாது. எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் உங்கள் பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது மாறாது.

சுவரில் இருக்கும் சிறு வெள்ளைப் பெட்டியிலிருந்து ரூட்டருக்கு மெல்லிய கேபிள் ஒன்று வரும், பெரும்பாலும் மஞ்சள் நிறம். அதை முழு நீளத்துக்கும் கண்ணால் பின்தொடருங்கள். சோபா காலுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா, கதவு இடுக்கில் நசுங்கியிருக்கிறதா, அதிகப்படி நீளத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருக்கிறதா? உள்ளே முடி அளவு கண்ணாடி இழை இருக்கிறது. கூர்மையாக மடிந்தால் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். ஒரு காபி டம்ளரின் வாயைவிடச் சிறிய வட்டமாகச் சுற்றாதீர்கள்.

பிறகு பெட்டியில் சொருகியிருக்கும் முனை. பச்சை அல்லது நீல நிறச் சதுர முனை அது. கேபிளைப் பிடித்து இழுக்காமல் முனையின் உடலைப் பிடித்து மெல்ல வெளியே எடுத்து, மேட்டையும் பள்ளத்தையும் பொருத்தி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை உள்ளே தள்ளுங்கள். பச்சை முனை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலம் நேராகத் தீட்டப்பட்டது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் சொருகும், ஒளி சரியாகப் போகாது. முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் ஒளி 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. வாயால் ஊதாதீர்கள், முந்தானையாலோ பனியனாலோ துடைக்காதீர்கள். ஒரு நூல் தும்பு ஒட்டினாலும் ஒளி தடைபடும்.

எல்ஓஎஸ் எரியவில்லை, ஆனால் பான் லைட் மின்னிக்கொண்டே இருக்கிறதா? ஒளி வருகிறது, பலவீனமாக வருகிறது, அல்லது நிறுவனத்தின் பக்கம் உங்கள் பெட்டி பதிவாகவில்லை. பிரவுசரில் திறக்கும் ரூட்டர் பக்கத்தில் ‘ஆப்டிகல்’ என்ற இடத்தில் ரிசீவ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்று ஒரு எண் இருக்கும். பொதுவாக -15 முதல் -25 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. -27ஐத் தாண்டினால் லைன் விட்டு விட்டு வரும். கழித்தல் குறி இருப்பதால் எண் பெரிதானால் ஒளி குறைகிறது. -20 இருந்தது -23 ஆனால் ஒளி பாதியாகிவிட்டது.

பான் லைட் சரி, ‘இன்டர்நெட்’ லைட் மட்டும் சிவப்பு என்றால் லைன் நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் கணக்கில்தான் பிரச்சினை. பில் தேதியை முதலில் பாருங்கள். எல்லா லைட்டும் பச்சையாக இருந்து வாட்ஸப் ஓடுகிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) கோளாறாக இருக்கலாம். ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

உள்ளூர் கேபிள் ஆப்பரேட்டரிடம் லைன் வாங்கியிருந்தால், ஃபைபருக்குப் பதில் மொட்டைமாடி வழியாக நேராக லேன் கேபிள் வந்திருக்கலாம். இதில் இரண்டு விஷயம் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேபிளின் மறுமுனையில் பக்கத்துக் கட்டடத்திலோ மாடிப்படி அடியிலோ ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கிறது. அங்கே கரண்ட் போனால், உங்கள் ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடினாலும் நெட் வராது. அடுத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை. கேபிளைப் பிடித்துக்கொண்டே மழைநீர் சுவர்த் துளை வழியாக உள்ளே இறங்கி முனையை நனைக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்து முனையின் உலோகத் தகடுகளில் பச்சை பூக்கும். துளைக்கு வெளியே கேபிளை ‘ப’ எழுத்து போலக் கொஞ்சம் தாழத் தொங்கவிட்டால் தண்ணீர் அதன் அடியிலேயே சொட்டிவிடும். இடி மின்னல் தொடங்கும் முன்பே இந்தக் கேபிளைப் பிடுங்கி வைப்பது நல்லது. செம்புக் கம்பி மின்னலின் அதிர்ச்சியைக் கொண்டுவந்து ரூட்டரின் வேன் துளையைக் கருக்கிவிடும். ஃபைபரில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அங்கே ஆபத்து பெரும்பாலும் கரண்ட் பிளக் வழியாகத்தான்.

படி 6: புகார் சொல்லும்போது

முதலில் பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் லைன் வருகிறதா என்று கேளுங்கள். மெட்ரோ வேலைக்கோ மழைநீர் வடிகாலுக்கோ தோண்டும்போது கேபிள் அறுந்தால் தெருவுக்கே போயிருக்கும், உங்கள் வீட்டில் எதையும் தேட வேண்டாம்.

போனில் “நெட் வரலைங்க” என்று மட்டும் சொன்னால் அணைத்துப் போடச் சொல்வார்கள். அதற்குப் பதில், “காலை 9.40லிருந்து எல்ஓஎஸ் சிவப்பாக மின்னுது, 30 விநாடி அணைச்சுப் போட்டாச்சு, கேபிள் எங்கேயும் மடங்கலை” என்று சொல்லுங்கள். ஃபைபர் ஒட்டும் கருவியோடு ஆளை அனுப்ப வேண்டும் என்று அப்போதே அவர்களுக்குப் புரிந்துவிடும். டாக்கெட் எண்ணை, அதாவது புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வைக்காதீர்கள். சரி செய்யாவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும்.

ஆள் வந்து சரி செய்ததும், அவர் செருப்பு மாட்டும் முன் ரிசீவ் பவர் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண், தேதி, லைனின் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் அடியில், நிறுவனத்தின் ஸ்டிக்கரை மறைக்காமல் ஒட்டிவிடுங்கள்.