ஓர் ஆட்டோவில் அடங்கும் மைக் செட்

நூல் வெளியீடு, வளைகாப்பு, காதணி விழா, குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்று நூறு, நூற்றைம்பது பேர் கூடும் நிகழ்ச்சிகளுக்குச் சொந்தமாக ஒரு மைக் செட் வைத்துக்கொள்ள விரும்புவோர், கடைக்குச் செல்லுமுன் ஓர் அளவுகோலை முடிவு செய்துகொள்வது நல்லது. எல்லாக் கருவிகளும் ஓர் ஆட்டோவில் அடங்க வேண்டும். ஒருவரே மூன்று நடையில் அவற்றை மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். பெரும்பாலோர் வாட்டைக் கணக்கிட்டுத் தொடங்கி, இரண்டு பேர் பிடித்தாலும் நகராத பெட்டிகளோடு வீடு திரும்புகிறார்கள்.

பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் ‘1000 வாட்’ என்பது பெரும்பாலும் கணநேர உச்சத்தைக் குறிப்பதாகையால், தொடர்ந்து தாங்கும் வாட்டைச் சொல்லும், ஆர்எம்எஸ் என்று குறிக்கப்பட்ட எண்ணையே பார்க்க வேண்டும். அதுவும் முழுக் கதையைச் சொல்லாது. வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரை விட்டு 96 டெசிபல் தருவதை வாங்கினால், அதே வாட்டில் நான்கு மடங்கு வாட் செலவிட்ட பலன் கிடைத்துவிடும்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட ‘ஆக்டிவ்’ ஸ்பீக்கர்கள் இரண்டும் அவற்றுக்கான முக்காலி ஸ்டாண்டுகள் இரண்டும் இந்த அமைப்பின் அடிப்படை. பேச்சு மட்டும் என்றால், உள்ளிருக்கும் ஸ்பீக்கர் கூம்பின் விட்டம் 10 அங்குலம் போதும். பாட்டும் உண்டென்றால் 12 அங்குலம் எடுக்கலாம். 15 அங்குலப் பெட்டிகளை ஆசையோடு வாங்கியவர்கள் இரண்டாம் மாடி மண்டபத்துக்குப் பிறகு அவற்றை விற்றுவிட எண்ணுவது வழக்கம். கூம்புக் குழாய் எடை குறைந்தது, வெகுதூரம் கேட்பது; ஆனால் அதில் கீழ்ச்சுரங்கள் வருவதில்லை என்பதால் அறைக்குள் அரை மணி நேரத்தில் காது சலித்துவிடும்.

எல்லா மைக்குகளின் ஒலியையும் ஒன்றுசேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸரில் குறைந்தது நான்கு மைக் இணைப்புகள் வேண்டும். கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரமும், ஒவ்வொரு மைக் சேனலிலும் சுமார் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ‘லோ கட்’ பொத்தானும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அந்தப் பொத்தானைப் பேச்சுக்கு எப்போதும் அழுத்தியே வைக்கலாம். காற்றின் உறுமலும் மைக் ஸ்டாண்டைக் காலால் இடிக்கும் சத்தமும் அதில் பெருமளவு அடங்கிவிடும். எக்கோ குமிழைப் பேச்சு நடக்கும்போது சுழியத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. மண்டபமே எதிரொலிக்கும்போது அதன்மேல் இன்னொரு எதிரொலியைச் சேர்ப்பதால் யாருக்கு என்ன பயன்?

மைக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். முன்புற ஒலியை வாங்கிப் பின்புற ஒலியைத் தள்ளும் கார்டியாய்டு வகையில், ஃபேன்டம் மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்குகள் மூன்று இருந்தால் போதும். 1966இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் புழங்குகிறது. அதன் போலிகளும் சந்தையில் உண்டு என்பதால் விலை நம்பமுடியாமல் குறைந்திருந்தால் ஒதுங்கிவிடுங்கள். கார்ட்லெஸ் மைக் இரண்டு வைத்துக்கொண்டாலும், ஒயர் மைக் ஒன்று எப்போதும் இணைப்பிலேயே இருக்கட்டும். சிறப்பு விருந்தினர் எழுந்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் பேட்டரி தீரும்.

ஒயர்களில் கடைக்காரர்கள் பி-38 என்று சொல்லும் கால் அங்குல மோனோ ஜாக்கை நீண்ட தூரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மூன்று முனைகள் கொண்ட கேனன் ஒயரில் ஒரே ஒலி இரு கம்பிகளில் நேராகவும் தலைகீழாகவும் செல்வதால், வழியில் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் மறுமுனையில் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. பத்து மீட்டரில் நான்கும், பதினைந்து மீட்டரில் இரண்டும் வாங்கலாம். முழங்கையில் முறுக்கிச் சுற்றும் பழக்கம் உள்ளே இருக்கும் கம்பியை ஒடித்துவிடும். ஒயர் தானாக விழும் போக்கிலேயே வட்டமாகச் சுற்ற வேண்டும்.

மைக் கூவுவதற்கான காரணம் பெரும்பாலும் கருவிகளை வைக்கும் இடத்திலேயே இருக்கிறது. மைக்கில் விழுந்த ஒலி ஸ்பீக்கர் வழியே வெளியேறி அதே மைக்கில் மறுபடி நுழைந்து, ஒவ்வொரு சுற்றிலும் வலுப்பெறும்போதுதான் கூவல் எழுகிறது. ஸ்பீக்கர்களை மேடையின் பின்சுவரில், பேனருக்கு இருபுறமும் அழகாக நிறுத்தினால் இது உறுதியாக நடக்கும். அவற்றை மைக்கைவிட ஒன்றிரண்டு மீட்டர் முன்னால், பக்கவாட்டில், கூட்டத்தை நோக்கி நிறுத்த வேண்டும். ஸ்டாண்டை உயர்த்தி, ஸ்பீக்கரின் மேல்பகுதி உட்கார்ந்திருப்போர் தலைக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டரில் இருக்கும்படி செய்யுங்கள். நாற்காலி உயரத்தில் வைத்தால் முன்வரிசைக்குக் காது அடைக்கும். பின்வரிசைக்கோ மெய்யெழுத்துகளின் கூர்மையைத் தாங்கிய மேல்சுரங்கள் முன்னிருப்போர் உடம்பிலேயே தங்கிவிட, உயிரெழுத்துகளின் முழக்கம் மட்டும் போய்ச்சேரும்.

எஞ்சிய கூவல் பேசுபவர் கையில் இருக்கிறது. வாயிலிருந்து 5 செ.மீ. தொலைவில் இருந்த மைக் 20 செ.மீ.க்கு விலகினால் அதில் விழும் குரல் ஏறத்தாழ 12 டெசிபல் குறையும்; அதை ஈடுகட்ட நாம் குமிழைத் திருகும் கணத்தில் கூவல் கிளம்பும். சிலர் மைக்கின் வலைத்தலையையே கைக்குள் பொத்திப் பிடிப்பார்கள். பின்புற ஒலியைத் தள்ளுவதற்காக அங்கே விடப்பட்ட துளைகள் மூடப்படுவதால் மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கிவிடும். தலைமை தாங்குபவரிடம் இதை மேடையில் சொல்ல முடியாது. தேநீர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சோதிக்கும்போது ‘ஹலோ, மைக் டெஸ்ட்’ என்பதோடு நிறுத்தாமல், ஒருவர் அன்றைய நாளிதழிலிருந்து ஒரு செய்தியைப் படிக்க, மற்றவர் கடைசி வரிசையில் நின்று அதிலுள்ள பெயர்களும் எண்களும் பிசகாமல் கேட்கின்றனவா என்று பார்ப்பதே பயன் தரும். முதலில் ஒவ்வொரு சேனலிலும், மைக்கிலிருந்து உள்ளே வரும் ஒலியின் அளவை அமைக்கும் கெயின் குமிழை, உரத்துப் பேசும்போது சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு ஏற்றிய பிறகே, வெளியே போகும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொட வேண்டும். காலி மண்டபத்தில் முழங்கிய ஒலி, ஆட்கள் நிறைந்ததும் மங்கும் என்பதால் சற்று இடம் விட்டு வையுங்கள். 20 மீட்டருக்கு மேல் நீண்ட கூடமாக இருந்தால், முன்னிருப்பதன் சத்தத்தைக் கூட்டுவதைவிட, பாதி வழியில் இன்னும் ஒரு ஸ்பீக்கர் நிறுத்தி, முன் ஸ்பீக்கரின் ஒலியும் அதன் ஒலியும் சேர்ந்தே கேட்கும்படி, இரண்டுக்கும் இடையிலான தொலைவில் ஒரு மீட்டருக்கு 3 மில்லிவினாடி வீதம் அதைத் தாமதப்படுத்துவது மேல்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மிக்ஸர், ஸ்பீக்கர், மடிக்கணினி அனைத்துக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். ஒரு விழாவில் இடைவிடாத ‘ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் முனகலுக்கு ஒவ்வொரு ஒயராக மாற்றிப் பார்த்து அரை மணி நேரத்தை வீணாக்கினேன். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றது. அன்று முதல், மடிக்கணினியின் ஒலியை இந்த முனகல் இல்லாமல் மிக்ஸருக்குக் கடத்தும் ஒரு டிஐ பாக்ஸ் பையில் இருக்கிறது. முனகல் போக வேண்டும் என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் காலை எவரும் ஒடிக்க அனுமதிக்காதீர்கள். மைக்கின் உலோகம் உதட்டில் சுருக்கென்றால், எர்த் சரியில்லை என்று பொருள். மின்பணியாளர் பார்க்கும்வரை எதையும் தொடக் கூடாது. ஆட்கள் நடக்கும் வழியில் ஒயர் போனால் ஜமுக்காளத்துக்கு அடியில் விட்டு, இரு ஓரத்திலும் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் எழுத்துவழி அனுமதி தேவை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி இயக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. நாகசுரமும் தவிலும் மட்டும் என்றால், சிறு மண்டபத்தில் அவற்றுக்கு மைக்கே வேண்டியதில்லை.

இயக்கும்போது மிக்ஸரை முதலிலும் ஸ்பீக்கரைக் கடைசியிலும் போடுங்கள்; அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில் அணையுங்கள். வரிசை மாறினால் எழும் ‘டப்’ என்ற அடி, ஸ்பீக்கரின் உள்ளிருக்கும் சுருளைக் கெடுக்கக்கூடியது. எல்லாம் கழற்றியபின் கார்ட்லெஸ் மைக்கிலிருந்து பேட்டரிகளை எடுத்துவிட்டுத்தான் பையை மூட வேண்டும்; இல்லையெனில் மறுமாதம் பச்சை உப்புப் பூத்த தகடுகளைச் சுரண்டிக்கொண்டிருக்க நேரும்.