பழைய புல்லட் எஞ்சினில் பாபர் கட்டுவது எப்படி: செட்டிநாட்டு வெயிலுக்கும் செம்மண்ணுக்கும் ஏற்ற டியூனிங்

புல்லட் 350-ன் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை வைத்து பாபர் (மட்கார்டு, சீட் எல்லாம் குறைத்து எளிமையாக மாற்றிக் கட்டிய பைக்) கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது பெரிய கார்புரேட்டரும் திறந்த சைலன்சரும்தான். அந்த இரண்டையும் கடைசிக்கு வையுங்கள். 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. கொண்ட இந்த எஞ்சின் புதிதாக இருந்தபோதே 18 குதிரைத்திறன்தான் கொடுத்தது. பல வருஷ ஓட்டத்தில் அதிலும் கொஞ்சம் போயிருக்கும். போனதை அளவு பார்த்து மீட்பதுதான் இதற்கு முதல் டியூனிங்.

வாங்கும்போது

எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. அதனால் சேஸிஸில் ரம்பம் வைக்காதீர்கள். சீட், மட்கார்டு, ஹேண்டில்பார் எல்லாம் போல்ட் கழற்றினால் பழையபடி திரும்பும்படி இருக்கட்டும். பெயின்ட் நிறம் மாறினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பிரிப்பதும் அளப்பதும்

வீட்டு வளவில் வைத்துப் பிரிப்பவர்கள் தரையில் தார்ப்பாய் விரியுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்டால் ஆனது. எண்ணெய் இறங்கினால் கறை போகாது.

சிலிண்டரைத் தூக்கியதும் கனெக்டிங் ராடை மேல் உச்சத்தில் நிறுத்தி நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று அசைந்தால் பரவாயில்லை. மேலும் கீழும் துளி ஆட்டம் இருந்தாலும் பிக் எண்ட் (ராடின் அடி பேரிங்) போய்விட்டது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் போடுவது வீண் செலவு.

அடுத்து சிலிண்டர் விட்டம் பார்க்கும் போர் கேஜை எடுத்து மேல், நடு, அடி என மூன்று இடத்தில், இடத்துக்கு இரண்டு திசையில் அளவெடுங்கள். பிஸ்டனின் மேல் ரிங் போய்வரும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) தேவைப்பட்டால் பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத்காரரிடம் கையில் கொடுத்து அதற்கேற்பப் போர் அடிக்கச் சொல்லுங்கள். போர் அடித்த பிறகு பிஸ்டன் தேடினால் அளவு ஒத்துவராது. பிஸ்டன் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியைக் குறைக்கவே கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் தேவகோட்டை சாலையில் நிறுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் விரிந்து சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் நேராக வைத்து முனை இடைவெளி பாருங்கள். 0.25 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கலாம்.

வால்வுகளை கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உட்காரவையுங்கள். பிறகு சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். போர்ட் (காற்றும் புகையும் போகும் வழி) பக்கம் கசிந்தால் இன்னொரு முறை அரைக்க வேண்டும்.

பாயின்ட், டைமிங், டேப்பெட்

வண்டியின் குணம் மாறுவது இங்கேதான். பாயின்ட் (திறந்து மூடித் தீப்பொறி வரவைக்கும் தொடர்பு) இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) நகரும், ஆகவே இடைவெளிதான் முதலில். பாயின்ட் முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. வையுங்கள்.

பிறகு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சத்துக்குக் கொண்டுவந்து, தேவைக்கு மேலேயே பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் கொண்டுவந்து உச்சத்துக்கு 0.8 மி.மீ. முன்பு நிறுத்துங்கள். இப்படி முன்னோக்கி வந்து நின்றால்தான் பல்சக்கரங்களின் தளர்ச்சி கணக்கில் சேராது. வேகத்துக்கேற்ப டைமிங்கை முந்தவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் ஓய்வு நிலையில் இருக்க வேண்டும். பாயின்டுக்கு நடுவே வைத்த சிகரெட் தாள் அந்த நொடியில் வழுக்கி வர வேண்டும். டைமிங் முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். பிந்தினால் சைலன்சர் பைப் நீலம் பூக்கும், இழுவை சோரும்.

டேப்பெட்டுக்கு (வால்வு இடைவெளியைச் சரிசெய்ய) எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ராட் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. சத்தம் வருகிறதே என்று இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும்.

காற்றும் பெட்ரோலும்

ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாயைத் திறந்துவிடுவது பாபர்களில் பெரிய மோகம். நம் பக்கம் அதைச் செய்யவே செய்யாதீர்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடிச் சாலைகளில் எழும் செம்மண் தூள் எண்ணெயோடு கலந்தால் அதுவே கிரைண்டிங் பேஸ்ட்! புதிதாக அடித்த போரை அது சீக்கிரமே தின்றுவிடும். பழைய பெட்டி அழகைக் கெடுத்தால் எண்ணெயில் நனைத்த ஃபோம் ஃபில்டரைச் சீட்டுக்கு அடியில் மறைத்து வையுங்கள்.

கார்புரேட்டர் மிக்கார்ப் கம்பெனியின் 24 மி.மீ. போதும். அதன் வாயும் ஹெட்டின் இன்லெட் போர்ட்டும் படியில்லாமல் சேரும்படி கேஸ்கெட்டைச் சீர்செய்யுங்கள். போர்ட்டைக் குடைந்து பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை போகும். புல்லட்டுக்கு அழகே அந்த இழுவைதான்.

சேர்ப்பது

பிரேக் முதலில்: முன்னால் இரட்டை லீடிங் ஷூ (சுழற்சியே இறுக்கிப் பிடிக்க உதவும் இரண்டு பிரேக் ஷூ) உள்ள 7 அங்குல டிரம் பொருத்துங்கள். போல்ட்டில் மாட்டும் சீட் பிராக்கெட்டை வண்டியில் வைத்தே வெல்டிங் செய்வதானால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பெயின்ட் அடித்த சேஸிஸ் எர்த்துக்கு உதவாது. ஹெட்லைட்டுக்கும் காயிலுக்கும் தனி எர்த் வயர் இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வையுங்கள்.

முதல் கிக்

20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைத் தளர்த்திக் கிக்கரை மிதித்துக்கொண்டே இருங்கள். எண்ணெய் கசிந்து வந்த பிறகே போல்ட்டை இறுக்கிப் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். வரவில்லையென்றால் பம்பைப் பாருங்கள். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். 300 கி.மீ.யில் எண்ணெயை மாற்றுங்கள். 500 கி.மீ. வரை 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், த்ராட்டிலை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

அதன்பின் ஒரு விடிகாலை, ஆளில்லாத நேர்சாலையில் முழு த்ராட்டிலில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பிஸ்கட் பழுப்பு என்றால் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) சரி. வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றுங்கள், கரி படிந்திருந்தால் ஒரு அளவு இறக்குங்கள். ஈரமாக எண்ணெய் மின்னினால் ஜெட்டைத் தொடாதீர்கள், ரிங்கையும் வால்வு கைடையும் பாருங்கள். சைலன்சர் மாற்ற ஆசையிருந்தால் இப்போது மாற்றி, இதே சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.