பிக்கப் வண்டிக்கு எஞ்சின் தேர்வு: பணத்தைக் கரைக்கும் தவறுகள்

லோடு வண்டி வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை சிசி?" என்பதுதான். அடுத்தது "மைலேஜ் என்ன தரும்?" இரண்டுக்கும் உடனே பதில் கிடைத்துவிடும். ஆனால் நீங்கள் ஏற்றப்போகும் சரக்கை, நீங்கள் போகப்போகும் சாலையில் அந்த எஞ்சின் திணறாமல் இழுக்குமா என்பது இந்த இரண்டு பதில்களிலும் இருக்காது. தவணை கட்டி ஐந்து வருடம் ஓட்ட வேண்டிய வண்டி இது. தவறான எஞ்சினை எடுத்தால் ஒவ்வொரு நாளும் டீசலிலும் கிளட்ச் பிளேட்டிலும் அதன் விலையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிசியை இழுவை என்று எடுத்துக்கொள்வது

சிசி என்பது சிலிண்டர்களின் கொள்ளளவு, அவ்வளவுதான். அந்தக் கொள்ளளவுக்குள் எவ்வளவு காற்றைத் திணிக்கிறார்கள், டீசலை எவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்சுகிறார்கள் என்பதைப் பொறுத்து இழுவை மாறிவிடும். இசுசுவை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்றுவதற்கான டி-மேக்ஸ் ரெகுலர் கேப் வண்டியில் 2,499 சிசி எஞ்சின் 78 எச்பி திறனும் 176 என்எம் டார்க்கும் (இழுவையைத் தரும் முறுக்குவிசை) தந்தது. 2016-இல் வந்த வி-கிராஸிலும் அதே 2,499 சிசிதான். ஆனால் 134 எச்பி, 320 என்எம். பிறகு வி-கிராஸுக்கு 1,898 சிசி எஞ்சின் வந்தது. 600 சிசி குறைந்தும் திறன் 163 எச்பி, 360 என்எம் என்று ஏறியது.

சின்ன வண்டிகளிலும் இதே கதைதான். டாடா இன்ட்ரா வி30, வி50 இரண்டிலும் 1,496 சிசி டீசல் எஞ்சின். வி30-இன் டார்க் 140 என்எம், வி50-இன் டார்க் 220 என்எம். சிசியை மட்டும் கேட்டவருக்கு இரண்டும் ஒரே வண்டியாகத் தெரியும். 1.3 டன் ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலத்தில் நின்று கிளம்பிப் பார்த்தால் வித்தியாசம் கால் பாதத்திலேயே தெரியும்.

ஆகவே விவரத்தாளில் பார்க்க வேண்டிய வரி டார்க். அதிலும் பாதி பேர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) விட்டுவிடுகிறார்கள். "220 என்எம், 1,750–2,500 ஆர்பிஎம்" என்றால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவையும் வந்துவிடும். லோடு வண்டிக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் சந்தைக்குள்ளும் வளைவிலும் மேட்டிலும் எஞ்சின் ஓடுவது இந்த எல்லையில்தான். உச்ச டார்க் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் கிடைக்கிற பெட்ரோல் எஞ்சினில் அந்த இழுவையைப் பெற ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏறும் திறன் இத்தனை சதவீதம் என்று ஒரு எண்ணும் பிரசுரத்தில் இருக்கும். 30 சதவீதம் என்றால், சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோடு ஃபர்ஸ்ட் கியரில் அந்த மேட்டில் ஏறும் என்று பொருள். எந்த வேகத்தில் ஏறும் என்பதை அது சொல்லாது. மலைச்சாலை சரிவு பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது; அங்கே கேள்வி ஏறுமா என்பதல்ல, எந்த வேகத்தில் ஏறும் என்பதுதான். அதனால் அந்த எண்ணை வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

சரக்கை எடை போடாமல் கண்ணால் அளப்பது

எஞ்சினை முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வாரத்துச் சரக்கைக் கிலோவில் எழுதுங்கள். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. 20 மூட்டை ஒரு டன். 20 லிட்டர் தண்ணீர் கேன் 50 ஏற்றினாலே ஒரு டன்னைத் தாண்டிவிடும். ஒரு யூனிட் எம்-சாண்ட் என்பது 100 கன அடி, நான்கு டன்னுக்கு மேல். 1.5 டன் பாஸிங் (ஏற்ற அனுமதிக்கப்பட்ட எடை) உள்ள வண்டியில் சட்டப்படி மூன்றில் ஒரு யூனிட்தான் போகும். கட்டுமானப் பொருள் வியாபாரத்துக்குப் பிக்கப் எடுப்பவர்கள் இதை வண்டி வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான சரக்கும் உண்டு. மெத்தை, தெர்மாகோல், காலி அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் குடம். பாடி நிரம்பும், எடை 400 கிலோகூட வராது. அங்கே பெரிய எஞ்சினுக்குக் கொடுக்கும் பணம் வீண். நீளமான பாடிக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பாஸிங் எடையை அப்படியே சரக்கு எடையாகக் கொள்வதும் தவறு. மூடிய கண்டெய்னர் பாடி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் டேங்க் என்று எதைப் பொருத்தினாலும் அதன் எடை பாஸிங்கில் கழியும். சிஎன்ஜி சிலிண்டரும் அப்படித்தான். மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோல் வண்டிக்கு 740 கிலோ, சிஎன்ஜி வண்டிக்கு 625 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு மூட்டை சிமெண்ட் ஒவ்வொரு நடையிலும் குறைகிறது. எரிபொருள் மிச்சத்தோடு இதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிஎன்ஜியில் ஓடும்போது இழுவை சற்றுக் குறையும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

சின்ன எஞ்சின் எடுத்து அதிக லோடு அடிப்பது

அதிகம் நடக்கும் தவறு இது. அதிகம் கெடுப்பதும் இதுதான். 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 எச்பி டீசல் எஞ்சின். முக்கால் டன்னைத் தெருத்தெருவாகக் கொண்டு சேர்க்க அது அருமையான வண்டி. குட்டி யானை என்று ஊரே பெயர் வைத்தது சும்மா இல்லை. ஆனால் கூடுதலாக இரண்டு கமான் பட்டை (எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை) போட்டு அதில் ஒன்றரை டன் ஏற்றுகிறார்கள். பட்டை எடையைத் தாங்கும். எஞ்சின், கிளட்ச், பிரேக் மூன்றும் பழையதுதானே?

20 எச்பி உள்ள வண்டி சரக்கோடு 1.6 டன் இருக்கிறது, நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் சரிவில் போகிறது என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறவே ஏறக்குறைய முழுத் திறனும் செலவாகிவிடும். அதே வண்டியில் மொத்த எடை 2.4 டன் ஆனால் வேகம் 20-ஐத் தாண்டாது. 70 எச்பி வண்டி ஒன்று 2.8 டன் மொத்த எடையோடு அதே மேட்டில் 30-இல் ஏற சுமார் 34 எச்பி போதும். மீதிப் பாதி கையிருப்பில் இருக்கிறது. அந்தக் கையிருப்புதான் எஞ்சினின் ஆயுள்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. ஒவ்வொரு வளைவின் உள்பக்கமும் சாலையைவிடச் செங்குத்து. அதிக லோடு உள்ள சின்ன வண்டி அங்கே நடை வேகத்துக்கு இறங்கிவிடும். எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க ஓட்டுநர் அரை கிளட்சில் பிடித்துக்கொண்டே திருப்புவார். கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டு சூடேறும். பத்தாவது வளைவுக்குள் கருகல் வாடை கேபினுக்குள் வரும். பிளேட் கருகிப் பளபளப்பாகிவிட்டால் பிறகு சமதளத்திலும் வழுக்கும்: எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது.

இறக்கத்தில் இன்னும் ஆபத்து. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பதற்காக. சின்ன எஞ்சினால் கூடுதல் எடையைப் பிடிக்க முடியாது. வேலை முழுவதும் பிரேக் டிரம்முக்குப் போகும், டிரம் அதிகமாகச் சூடேறியதும் மிதித்தாலும் பிடிக்காது.

அபராதம் தனி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி அதிக எடைக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப்படிச் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும்.

எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதை எடுப்பது

ஒவ்வொரு நடையிலும் 500 கிலோ காய்கறியை 12 கிலோமீட்டர் கொண்டுபோகிறவருக்கு 2,523 சிசி பொலிரோ பிக்கப் தேவையில்லை. மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 20 தரும் வண்டி 125 லிட்டர் குடிக்கும்; 14 தரும் வண்டி 178 லிட்டர் குடிக்கும். டீசல் 92 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஏறக்குறைய 4,900 ரூபாய் வித்தியாசம்.

பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிந்து போக வண்டி ஒரே சீராகச் சிறிது தூரம் சூடாக ஓட வேண்டும். பெரிய டீசல் எஞ்சினை வைத்து இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, அரை மணி கழித்து மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓடினால் அந்தச் சூடு வரவே வராது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும், கடைசியில் சர்வீஸ் சென்டரில் நிற்க வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் அல்லது சிஎன்ஜி எஞ்சின்தான் சரி.

ஆனால் ஒன்று: சின்ன வண்டியின் மைலேஜை ஒரு நடைக்குப் பார்க்கக் கூடாது, ஒரு டன்னுக்குப் பார்க்க வேண்டும். 1.4 டன் சரக்கை 30 கிலோமீட்டர் தள்ளிக் கொடுக்க வேண்டும். முக்கால் டன் வண்டி இரண்டு நடை, போக வர 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 என்றால் 6.7 லிட்டர். ஒன்றரை டன் வண்டி ஒரே நடை, 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 என்றால் 4.3 லிட்டர். ஓட்டுநரின் அரை நாளும் மிச்சம்.

உயரத்தை மறப்பது

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவு இழுவையை இழக்கும். டர்போ டீசல் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ தினமும் ஓடப்போகும் வண்டிக்கு டர்போ இருக்கிறதா என்பது சிசியைவிட முக்கியமான கேள்வி.

காகிதச் செலவு

காரின் மூன்றாம் நபர் காப்பீடு சிசியைப் பொறுத்து ஏறும். சரக்கு வண்டிக்கு அது மொத்த எடையைப் பொறுத்தது. ஆகவே காப்பீடு குறையும் என்று நினைத்துச் சின்ன எஞ்சின் எடுக்க வேண்டாம். கவனிக்க வேண்டிய கோடு 3,000 கிலோ. சரக்கோடு சேர்த்த மொத்த எடை அதைத் தாண்டாத வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை, தாண்டினால் தேவை. ஒரே மாடலின் வெவ்வேறு வகைகள் இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் விழலாம், புக் செய்வதற்கு முன் மொத்த எடையை எழுத்தில் கேளுங்கள்.

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பது

காலியாக எந்தப் பிக்கப்பும் பறக்கும். டெஸ்ட் டிரைவுக்கு லோடு கேளுங்கள். 1.5 டன் வண்டி என்றால் 24 மூட்டை சிமெண்ட், 1.2 டன். பக்கத்து மேம்பாலத்தின் ஏற்றத்தில் நடுவே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி கிளப்புங்கள். ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தும்போதே உதறாமல் நகர வேண்டும்; எஞ்சினை அலறவிட்டுத்தான் கிளம்புகிறது என்றால் அந்த எடைக்கு அந்த எஞ்சின் பத்தாது. பிறகு சமதளத்தில் மூன்றாம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இறக்கி, கியர் மாற்றாமல் மிதியுங்கள். டகடகவென்று அடிக்காமல் வேகம் கூட வேண்டும். இதை மூன்று தடவை செய்துவிட்டு இறங்கி, முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து கிளட்ச் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதே வண்டியில் இதைவிட அதிக டார்க் உள்ள எஞ்சினைக் கேளுங்கள்.